வாலிபால் இல்லை கண்ணா, ஹேண்ட்பால்

கண்ணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேற்று மட்டும் போனில் பலமுறை பேசினோம். ஒவ்வொரு முறையும் நான் விஷயத்துக்கு வரும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அந்த மீட்டிங்குகளுக்கு என் வாயைப் பார்த்தே நேரம் குறிக்கிறார்கள் போலிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நீ நடுவில் துண்டிக்க முடியாது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும், படித்துவிட்டு ஒரு வேலை செய்ய வேண்டும். என்ன வேலை என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உன் மாமனார் மகள் யமுனாவுக்கென்று தன் தறியிலேயே நெய்த முகூர்த்தப் புடவை. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். தறியிலிருந்து அறுத்த புடவையை மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் கை வைத்து மடிப்புப் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எவ்வளவு பெரிய மரியாதை! நான் அதைக் கேட்டபோது உள்ளுக்குள் உருகிப்போனேன். ஆனால் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் முடியாது, ஞாயிறு காலை என் டீம் பெண்களுக்குப் பயிற்சி இருக்கிறது, மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "அவங்க கிட்ட அப்படிலாம் கேக்க முடியாதும்மா" என்றாய். சரி என்று பயிற்சியைப் பாதியில் விட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மைதானத்தின் அறையிலேயே புடவை மாற்றி, ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன்.

அந்தச் சோப்புதான் நான் செய்த தப்பு. பந்து வழுக்காமல் இருக்க விரல் நுனியில் தடவுகிற பிசின் சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். கடையில் டப்பாவில் வரும் பிசின் விலை நமக்குக் கட்டாது என்று நான் குங்கிலியத்தை விளக்கெண்ணெயில் காய்ச்சுகிறேன். காய்ந்திருக்கும்போது கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், சூடேறினால் மறுபடி இளகும். இத்தனை வருஷம் அதோடு குடித்தனம் நடத்துகிறவள், அவசரத்தில் மறந்துபோனேன். உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, எனக்குப் படபடப்பில் உள்ளங்கை வேர்த்தது. மடிப்பைப் பிரித்தேன். முந்தானைக்குக் கீழே என் இரண்டு விரல் அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். இழை எழும்பிவிட்டது. நான் என்ன செய்தேன்? "கொஞ்சம் தேங்காயெண்ணெ குடுங்க" என்றேன். பட்டுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் கேட்ட ஒரே பொம்பளை காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். "ஐயய்யோ, எண்ணெயா!" என்று உன் மாமியார் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

உன் மாமனார் நல்ல மனிதர். புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லமா, சாயம் எதுவும் இல்ல, பிசின்தானே. இழையை நான் உள்ள தள்ளிக்கிறேன்" என்றார். உன் மாமியார்தான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாமா இது, கையில இன்னா ஒட்டிக்கினு இருக்குது?" என்றார்கள். "பந்துக்குத் தடவுறது சம்பந்தி" என்றேன். "வாலிபாலுக்குப் பிசினு கூட உண்டா?" "வாலிபால் இல்லைங்க, ஹேண்ட்பால்." "எதுவோ ஒண்ணு. சரி வுடுங்க, கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் வுட்டுடுவாங்கன்னு மாப்ள தம்பிதான் சொல்லிட்டாரே. இன்னும் ஒரு மாசந்தானே" என்று சொல்லிக் காபி எடுக்கப் போய்விட்டார்கள்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ செல்போனைப் பார்த்தாய். உன் அப்பாவைப் பார்த்தேன். பட்டுக்கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்துப் போடுகிறவர், அன்றைக்கு விரித்த புடவையில் பூ எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றியதா? புடவையில் பிசின் ஒட்டிய வெட்கத்தை நான் தாங்கிக்கொண்டேன். என் வேலையை நான் எப்போது விடப் போகிறேன் என்பதை ஊராருக்கெல்லாம் தெரிந்த அப்புறம் கடைசியாக நான் தெரிந்துகொண்டேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா சொன்னது, "எதுக்கு வம்பு, அப்புறம் பேசிக்கலாம்." இவர் இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே என்னோடு முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்.

என்னை எதை நிறுத்தச் சொல்கிறாய் என்று உனக்கே தெரிகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன், சலித்துக்கொள்ளாமல் படி. பிள்ளையார்பாளையத்தில் நான் வளர்ந்த வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை விடப் பீச்சாங்கை என்று கூப்பிட்டதுதான் அதிகம். எனக்கு எல்லாமே இடது கையில்தான் வரும். இடது கையால் சாப்பிட்டால் அடி, கோயிலில் இடது கையை நீட்டிவிட்டால் அடி, விருந்தாளிக்கு இடது கையால் தண்ணீர் கொடுத்தால் அம்மா உள்ளே கூட்டிப்போய்க் கிள்ளுவாள். எட்டாம் வகுப்பில் புதிதாக வந்த பி.டி. டீச்சர் ஒரு பந்தை என் பக்கம் எறிந்தார். நான் பயத்தில் எனக்கு வருகிற கையால் பிடித்து, அதே கையால் திருப்பி எறிந்தேன். அவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏய் பொண்ணே, இவ்ளோ நாளு எங்கடி இருந்த?" என்றார். அதுவரை என் இடது கையைப் பார்த்து யாருமே சந்தோஷப்பட்டதில்லை. மைதானத்தின் வலது மூலையிலிருந்து குதிக்கிறவளுக்கு இடது கைப் பழக்கம் இருந்தால் கோல் அப்படியே திறந்து தெரியும். வலது கைக்காரிக்கு அங்கிருந்து பாதிக் கோல்தான் தெரியும். வீட்டில் நான் எந்தக் கையை மறைத்தேனோ, அந்தக் கைக்காக ஒரு டீமே காத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

பள்ளி, மாவட்டம், கல்லூரி, மாநிலம் என்று ஆடினேன். இந்திய அணிக்கான முகாம் வரை போனேன். அங்கே ஒரு நாள் காலை குதித்து இறங்கும்போது என் கால் மேல் இன்னொருத்தி விழுந்தாள். முட்டி ஜவ்வு போயிற்று. ஊருக்குத் திரும்பினால், "நல்லதாப் போச்சு, இனி வீட்டோட இருப்பா" என்று சொன்னவர்கள்தான் அதிகம். என் காதுபடச் சொன்னார்கள். அப்புறம் கல்யாணம், நீ. நீ பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு மறுபடி முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு மாவட்ட டீமில் ஆடினேன். முட்டி ஒரேயடியாகக் கைவிட்ட பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்து, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பெண்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். இதில் உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் ஐயம்பேட்டையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த யாருக்கும் இதில் ஒரு வரிகூடத் தெரியாது. நீ சொல்லவில்லை.

இந்த ஊரில் ஹேண்ட்பால் சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன என்று கேள். கபடி என்றால் எல்லாருக்கும் தெரியும். கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். ஹேண்ட்பால் என்றால், "அது இன்னா மேடம், கையில ஆடற ஃபுட்பாலா?" என்பார்கள். திருவிழா வந்தால் எங்கள் மைதானத்தில் வெளியூர் பஸ்ஸெல்லாம் வந்து நிற்கும். கோல் கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள். திருவிழா முடிந்ததும் நானும் பெண்களும் பிளாஸ்டிக் தட்டு பொறுக்கி, டயர் பள்ளத்தை மண் போட்டு மூடி, சுண்ணாம்பில் மறுபடி கோடு போடுவோம். ஒரு வருஷமும் தப்பியதில்லை. ஒரு வருஷமும் யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எரிச்சல் வராதா? வருகிறது. எனக்கு வரும் எரிச்சலை வைத்து இந்த ஊருக்கே அடுப்பு மூட்டலாம்.

அதோடு போகிறதா? என் டீமில் தேன்மொழி என்று ஒரு பெண். அபாரமான கோல்கீப்பர். அவள் அப்பா ஏகாம்பரம் தறி நெய்கிறவர். ஒரு நாள் பயிற்சி நடுவில் வந்து, பெண்ணின் கையைப் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாரு மேடம், சொரசொரன்னு ஆயிட்ச்சு. இந்தக் கைய வெச்சுக்கினு பட்டு இழையத் தொட்டா மாட்டிக்குது. வீட்டுல தறிக்குத் தார்ல நூலு சுத்த ஆளில்ல. உங்க ஆட்டம் எங்களுக்கு ஆவாது" என்றார். வேறெந்த ஊர்க் கோச்சுக்கும் வராத பிரச்சினை இது. அவர் சொன்னது நியாயம்தான், உள்ளங்கையில் காய்ப்பு இருந்தால் பட்டு நூல் சிக்கும். நான் சண்டை போட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறாய்? போடவில்லை. அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணும் தேங்காயெண்ணெயில் கையை ஊறவைத்து, காய்ப்பைக் குதிகால் தேய்க்கிற நுரைக்கல்லால் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வைத்தேன். மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து கை தேய்க்கும் எங்களைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேன்மொழி காலையில் தார் சுற்றுகிறாள், சாயங்காலம் கோலில் நிற்கிறாள். ஏகாம்பரம் இப்போது மேட்ச் பார்க்க வருகிறார், நடுவரைத் திட்டுகிறார். ஒரு தகப்பனை அந்த இடத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்த மாதத்தோடு இதை விட்டுவிடுவேன் என்று நீ ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கிறாய்.

போனில் நீ அடுக்கிய காரணங்களை நான் மறக்கவில்லை. முட்டி வலி என்றாய். முட்டி என்னுடையது, அது வலிக்கும்போது நானே உட்கார்ந்துகொள்வேன். வயசாகிறது என்றாய். ஆகத்தான் செய்யும், வீட்டில் உட்கார்ந்தால் குறையுமா? "டிராக் பேண்ட் போட்டுக்கினு விசில் ஊதிக்கினு ரோட்டுல வந்தா அவங்க வீட்டுல இன்னா நெனப்பாங்க" என்று நீ மெதுவாகச் சொன்னாய் பார், அதுதான் உண்மையான காரணம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் உன் கூட்டாளிகளில் எவனோ என்னைப் பற்றிக் கேலி செய்தான் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். அன்றிலிருந்து நீ மைதானத்துக்கு வருவதில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. பையனுக்குக் கூச்சம், வளர்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். வளர்ந்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகப் போகிறது. கூச்சமும் உன்னோடு சேர்ந்து நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

இதையும் கேள். கோபத்தில் சொல்கிறேன்தான், ஆனால் உன் நல்லதுக்குச் சொல்கிறேன். இன்னொருத்தர் செய்யப் போவதைப் பற்றி அவர்களைக் கேட்காமல் வாக்குக் கொடுக்காதே. என்னிடம் செய்துவிட்டாய், நான் அம்மா, கத்திவிட்டு உனக்கு முறுக்கு சுட்டு அனுப்புவேன். யமுனாவிடம் செய்யாதே. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிறாள், அப்பாவின் தறிக்கே அவள்தான் பூ வரைகிறாள். நாளைக்கு உன் ஆபீசில் யாரோ கேட்டார்கள், எவனோ சிரித்தான் என்று, "அவ கல்யாணத்துக்கப்புறம் அதெல்லாம் வுட்டுடுவா" என்று நீ சொல்லிவிட்டு வந்து நிற்பாய். அவள் அதை யாரோ காபி கொடுக்கும்போது தெரிந்துகொள்வாள். அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். உன் அப்பாவிடம் எனக்கு ஆயிரம் குறை இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் ஒரு நாளும் என் சார்பில் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. வாயே திறக்காதவர் என்பதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

இதையெல்லாம் நேரில் திட்டி முடித்திருப்பேன், கடிதம் வரைக்கும் வந்திருக்காது. இன்று காலை யமுனா போன் செய்தாள். புடவை சரியாகிவிட்டது, அப்பா இழையை உள்ளே தள்ளிவிட்டார், இடமே தெரியவில்லை, அதையேதான் கட்டிக்கொள்வேன், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்த, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க அன்னிக்கு ஹேண்ட்பால்னு சொன்னீங்களே. அவரு எங்ககிட்ட வாலிபால்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. ரெண்டும் ஒண்ணா?" இல்லைம்மா, வேறவேற, என்றேன். "நான் கூட அவருகிட்டயே கேட்டேன் அத்த. டீமுக்கு எத்தன பேருன்னு கேட்டேன். தெரியலன்னாரு" என்றாள்.

தெரியலையா? உனக்கா?

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலி மேல் ஏறி நின்று ஹேண்ட்பால் சட்டமெல்லாம் சொல்வாய். "பந்த வெச்சுக்கினு மூணு அடிக்கு மேல நடக்கக் கூடாது! கோல் கோட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது, ஆனா குதிச்சுக்கினு போட்லாம், கீழ வர்றதுக்குள்ள பந்து போயிடணும்!" என்று மூச்சு விடாமல் சொல்வாய். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது, கை தட்டுவார்கள். வாலாஜாபாத்தில் ஒரு மேட்ச் நடந்தது. நான் வலது மூலையில் பந்துக்காக நிற்கிறேன், எங்கள் டீமில் ஒருத்தியைத் தள்ளுமுள்ளுக்குத் தண்டனையாக இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே நீ குதித்துக் குதித்துக் கத்தினாய், "அம்மா, நம்ம ஆளு ஒண்ணு கொறையுது, பாத்து ஆடும்மா!" நடுவர் சிரித்துவிட்டார். அந்த மேட்ச் முழுக்க எனக்கு உன் குரல்தான் கேட்டது. நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்பதுகூட மறந்துபோயிற்று. ஆளைச் சரியாக எண்ணிச் சொன்ன பிள்ளை நீ.

நீ என்னை ஆட்டத்தை விடச் சொன்னதற்குக் கோபம்தான் வந்தது. வாலிபால் என்று சொன்னதற்கும் கோபம்தான். தெரியாது என்று சொன்னாய் பார், அதைக் கேட்டதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். யமுனா பயந்துபோய், "அத்த, அத்த" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அவளிடம், "அவனுக்குத் தெரியும்மா, ஞாபகம் வந்ததும் அவனே சொல்வான்" என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். பட்டுக் கட்டிக்கொள்வேன், பூ வைத்துக்கொள்வேன், உன் மாமியார் சொல்கிற சாஸ்திரமெல்லாம் செய்வேன், கையை மட்டும் எண்ணெயில் கழுவிவிட்டு வருவேன். மறுவீடு விருந்து முடிந்த அடுத்த நாள் சாயங்காலம் மைதானத்தில் இருப்பேன். அது உன்னைக் கேட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை, அதற்காக நான் இதை எழுதவும் இல்லை. நீ கொடுத்த வாக்கை நீயேதான் போய்த் திருப்பி வாங்க வேண்டும். அதற்கு முன்னால் யமுனாவுக்குப் போன் செய். அவள் கேட்டதற்குப் பதில் சொல்.

ஏழு பேர், கண்ணா. கோலில் ஒருத்தி, வெளியே ஆறு பேர்.

அம்மா